அப்பா என்று மட்டும் சொல்ல முடியாத மொழி

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்கும்போதெல்லாம் கல்வெட்டு, செப்பேடு என்று ஏதாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். இந்தத் தடவை கொஞ்சம் தூரம் போகிறேன். வட அமெரிக்காவில் பெரிய ஏரிகளின் பக்கம் பேசப்படும் இரோகுவா மொழிக் குடும்பம், அதிலே வினைச்சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் சின்னஞ்சிறு முன்னொட்டுகள், நானூறு வருஷமாக அவை பாதிரிமாரையும் பண்டிதர்களையும் படுத்திய பாடு, இதுதான் விஷயம். சாக்ச்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு இதிலே என்ன வேலை என்று கேட்கலாம். கேளுங்கள். நன்னூல் செய்த பவணந்தியாரைத் தம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் வீட்டில் பிறந்தவனுக்கு இலக்கணம் என்றால் கொஞ்சம் பைத்தியம் இருக்கத்தானே செய்யும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் நாலு மாசம் இருந்தேன். மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான பிராண்ட்ஃபோர்டுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மோஹாக் மக்களுக்காக 1785-ல் கட்டிய ஒரு மரக் கோயில் இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் இன்று நிற்கும் தேவாலயங்களில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்துச் சண்டை போட்டபோது மோஹாக் மக்களில் பெரும் பகுதியினர் இங்கிலாந்து பக்கம் நின்றார்கள். தோற்ற பிறகு சொந்த மண் போயிற்று. அவர்களுடைய தலைவர் ஜோசப் பிராண்ட் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு கிராண்ட் ஆற்றங்கரைக்கு வந்து குடியேறினார். 1784-ல் அந்த நிலம் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குள்ளே கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபம் மோஹாக் மொழியில் பலகையில் எழுதியிருக்கிறது. ஆங்கில எழுத்துதான், ஆனால் வாயில் நுழையவில்லை. முதல் சொல்லை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு எழுதும் முறைப்படி அதை ஏறக்குறைய ‘ஸுங்க்வநீஹா’ என்று படிக்க வேண்டும். ‘எங்கள் தந்தை’ என்று பொருள் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லின் கதையைத் தேடிப் போனதில்தான் இத்தனையும் கிடைத்தது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா என்று ஐந்து இனத்தார் சேர்ந்து வைத்திருந்த கூட்டணியைப் பிரெஞ்சுக்காரர்கள் இரோகுவா என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் டஸ்கரோராக்கள் ஆறாவதாகச் சேர்ந்தார்கள். ஏரிகளுக்கு வடக்கே இருந்த ஹூரோன் மக்கள் (தங்களை அவர்கள் சொல்லிக்கொள்வது வெண்டாட்) கூட்டணிக்குப் பகையாளிகள். ஆனால் மொழியில் அக்கா தங்கை. தெற்கே இருந்த செரோக்கி இந்தக் குடும்பத்திலிருந்து வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன மொழி. மோஹாக் என்பதும் பிறர் வைத்த பெயர்தான். அவர்கள் தங்கள் மொழியைக் கன்யென்கேஹா என்பார்கள். இந்த மொழியில் ப, ம போன்று உதடு ஒட்டும் ஒலியே கிடையாது. நம் புலவர்கள் உதடு ஒட்டாமல் நிரோட்டகம் பாடித் திறமையைக் காட்டினார்கள். அங்கே பால்காரரும் நிரோட்டகம்தான் பேசுவார்.

ஹூரோன் ஊர்களில் முதலில் போய்த் தங்கிச் சொல் சேர்த்தவர்களில் ஒருவர் காப்ரியேல் ஸகார் என்ற பிரெஞ்சுத் துறவி. 1623-24 குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு, 1632-ல் பாரிஸில் ஓர் அகராதியை அச்சிட்டார். அகராதி என்று பெயர்தானே தவிர, பயணிகளுக்கான வாக்கியத் திரட்டு என்பதே பொருத்தம். ‘சாப்பிடு’ என்பதற்கு என்ன சொல் என்று போய்க் கேட்டால், கேட்டவருக்குக் கிடைப்பது ‘நான் சாப்பிடுகிறேன்’ அல்லது ‘அவன் சாப்பிடுகிறான்’. ஆள் இல்லாத வினை அந்த மொழியில் வாயிலே வராது. செய்வது யார், யாருக்குச் செய்வது என்று சொல்லும் முன்னொட்டு ஒட்டிய பிறகுதான் வினை என்ற ஒன்றே பிறக்கிறது. அடிச்சொல்லை மட்டும் தனியாகக் கேட்டால், பெயர் எழுதாத பற்றுச் சீட்டைக் கொண்டுவந்து காசு கேட்கிற மாதிரி.

அந்தப் பூட்டில் கை வைத்தவர் ழான் தெ ப்ரெபஃப் என்ற யேசு சபைப் பாதிரியார். 1626-ல் முதல் தடவை ஹூரோன் நாட்டுக்குப் போனவர், ஆங்கிலேயர் கியூபெக்கைப் பிடித்ததால் 1629-ல் திரும்பி, மறுபடி 1634-ல் போய்ச் சேர்ந்தார். இதே காலத்தில் இதே சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நோபிலி மதுரையில் தமிழ் படித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ப்ரெபஃப் 1636-ல் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிய அறிக்கையில் ஹூரோன் மொழியைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதிலே அவர் ஒரு சங்கடத்தைச் சொல்லி அனுமதி கேட்கிறார்.

சங்கடம் இதுதான். ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்ல வேண்டும். ஹூரோன் மொழியில் ‘பிதா’ என்று வெறுமனே சொல்ல வழியில்லை. என் தகப்பன், உன் தகப்பன், அவனுடைய தகப்பன் என்றுதான் சொல்ல முடியும். ‘மகன்’ என்பதும் அப்படியே. ஆகவே ‘நம்முடைய பிதா, அவருடைய சுதன், அவர்களுடைய பரிசுத்த ஆவி’ இவர்களின் பெயரால் என்று சொல்லலாமா, அதிலே ஏதாவது தத்துவப் பிழை வருமா என்று கேட்கிறார். ஐரோப்பாவில் ஒரு எழுத்து மாறினாலும் ஆளை எரித்த காலம் அது. காட்டிலே உட்கார்ந்து இந்தக் கேள்வியை ஒளிக்காமல் எழுதினார் பாருங்கள், அதனால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை.

அதோடு விடவில்லை. இன்னொரு கஷ்டத்தையும் எழுதியிருக்கிறார். தகப்பன் செத்துப்போனவனிடம் ‘பரலோகத்தில் இருக்கும் எங்கள் பிதாவே’ என்று சொல்லிக் கொடுத்தால் அவனுக்குச் செத்தவரை ஞாபகப்படுத்துவதாகிவிடும். அந்த ஜனங்களிடம் இறந்த உறவைப் பேச்சில் இழுப்பது அவமானப்படுத்துவதற்குச் சமம். தாய் இறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண்ணிடம், உன் தகப்பனையும் தாயையும் கனம் பண்ணு என்ற கட்டளையை யாரோ யோசிக்காமல் சொல்லிவிட, அவளுக்கு ஞானஸ்நான ஆசையே போய்விடப் பார்த்ததாம். 1634 முதல் 1640 வரை கொள்ளை நோய்கள் வந்து ஹூரோன் மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாண்டார்கள். யார் வீட்டில் சாவு விழவில்லை? ‘தாய்’ என்று பொதுவாக ஒரு சொல் இருந்திருந்தால் பாதிரியார் பொதுவாகப் பேசிவிட்டுப் போயிருப்பார். ‘உன் தாய்’ என்றே சொல்லியாக வேண்டிய மொழியில் அது நேரே நெஞ்சில் குத்துகிறது. முன்னொட்டு என்பது வெறும் இலக்கணச் சமாசாரம் இல்லை என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

ஏன் அப்படி? மோஹாக்கில் பார்த்தால் தெளிவாகப் புரிகிறது. (நம் எழுத்தில் அந்த ஒலிகள் முழுசாக அடங்காது. கிட்டத்தட்ட எழுதுகிறேன்.) என் அப்பா என்பதற்கு ‘ரகெநீஹா’. இதிலே ‘ரகெ’ என்பது ‘அவர் எனக்கு’ என்று காட்டும் முன்னொட்டு. ‘நீஹா’ என்பது தகப்பனாக இருப்பது. ஆக, ‘அவர் எனக்குத் தகப்பனாக இருக்கிறார்’. பெயர்ச்சொல் என்று நாம் நினைத்தது அங்கே பாதி வினைச்சொல். ‘ரொநீஹா’ என்றால் அவனுக்கு அவர் தகப்பன். எங்களுக்கு என்றால் கோயில் பலகையில் நான் பார்த்த ‘ஸுங்க்வநீஹா’. ‘ஸுங்க்வ’ என்பது ‘அவர் எங்களுக்கு’.

உறவுச் சொற்களில் இன்னொரு அழகும் உண்டு. அண்ணன் ‘ரக்-ட்சீஆ’. தம்பி ‘ரி-கன்ஆ’. ‘ரக்’ என்றால் அவர் எனக்கு, ‘ரி’ என்றால் நான் அவனுக்கு. பெரியவர் செய்கிறவர், சின்னவர் பெறுகிறவர். என் அப்பா, என் தாத்தா, என் அண்ணன் மூன்றிலும் ‘அவர் எனக்கு’. என் மகன், என் பேரன், என் தம்பி மூன்றிலும் ‘நான் அவனுக்கு’. வயசு மரியாதையை ‘ங்க’ போட்டுக் காட்டுகிறோம் நாம். அவர்கள் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்ற திசையாலேயே காட்டிவிடுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பழந்தமிழ் ஞாபகம் வந்தது. எந்தை என்றால் என் தந்தை, நுந்தை உன் தந்தை, தந்தை என்றால் அவன் தந்தை. அப்படியே யாய், ஞாய், தாய். எம்பி, நும்பி, தம்பி. சங்க நூல்களில் பழகியவர்களுக்கு இது புதிசில்லை. நம்மிடமும் ஒரு காலத்தில் வெறும் தந்தை கிடையாது. யாருடைய தந்தை என்பது சொல்லின் தலையிலேயே இருந்தது. பின்னால் அந்த முன்பகுதியின் அர்த்தம் மறந்துபோய், தந்தை, தாய், தம்பி மூன்றும் பொதுச்சொல் ஆகிவிட்டன. இன்றைக்கு ‘என் தந்தை’ என்று சொல்கிறவர், கணக்காகப் பார்த்தால், ‘என் அவன்-தந்தை’ என்கிறார். பேச்சிலே மட்டும் பழைய வாசனை போகவில்லை. எங்கப்பா, உங்கப்பா என்று சேர்த்துத்தானே சொல்கிறோம், ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவன்கூட. இதை வைத்து அவர்களுக்கும் நமக்கும் ரத்த சம்பந்தம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மனுஷனுக்கு உறவு என்பது எங்கேயும் ஒட்டிக்கொண்டே பிறக்கிறது, அவ்வளவுதான்.

வினைக்கு வருவோம். தமிழில் ‘வாங்கினேன்’ என்றால் வாங்கு, இன், ஏன் என்று பிரிக்கிறோம். பகுதி முதலில், காலம் நடுவில், ஆள் கடைசியில். மோஹாக்கில் காலம் காட்டும் எழுத்து முதலில், ஆள் அடுத்து, பிறகுதான் அடிச்சொல். அதுகூடப் பெரிசில்லை. நம் விகுதி செய்தவனை மட்டும் சொல்லும். அவர்களுடைய முன்னொட்டு செய்தவனையும் செய்யப்பட்டவனையும் ஒரே மூச்சில் சொல்லும். ‘நொரூன்க்வா’ என்பது அன்பு வைப்பது. அதன் முன்னே ‘குன்’ போட்டால் நான் உன்மேல் அன்பு வைக்கிறேன். ‘ரி’ போட்டால் நான் அவன்மேல். ‘ரக்’ என்றால் அவன் என்மேல். ‘கெ’ என்றால் நான் அவள்மேல். ‘யுன்க்’ என்றால் அவள் என்மேல். ‘ஸகொ’ அவன் அவள்மேல். ‘ருன்வ’ அவள் அவன்மேல். நான், நீ, அவன் என்று தனிச் சொல் எதுவும் வேண்டாம். இப்படி ஏறத்தாழ 60 முன்னொட்டுகள் இருக்கின்றன. ‘குன்’ என்பதை ‘நான்’ ஒரு பக்கம் ‘உன்னை’ ஒரு பக்கம் என்று உடைக்கவும் முடியாது. க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்து ‘க’ ஆன பிறகு எழுத்திலே எங்கே வெட்டுவீர்கள், அந்த மாதிரி.

கடைக்காரன் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு வினையும் பேரேட்டில் ஒரு வரி. யார் பேரில் பற்று, யார் பேரில் வரவு என்று எழுதாமல் தொகையை மட்டும் எழுத அந்த மொழி விடாது.

இரண்டு ஆளும் மனிதராக இல்லாதபோது, அதாவது பொருளைப் பற்றிய வினைகளில், இரண்டு வரிசை முன்னொட்டுகள் மட்டும் போதும். ‘நான்’ என்பது ஒரு வரிசையில் ‘க்’, இன்னொரு வரிசையில் ‘வக்’. நானாகச் செய்வதற்கு ‘க்’. எனக்கு நேர்வதற்கு ‘வக்’. உடம்பு சரியில்லை என்பதற்கு ‘வகெ-நுன்வாக்தனி’, அதாவது எனக்கு நோகிறது. நமக்கு இதிலே ஆச்சரியமே இல்லை. நான் வலிக்கிறேன் என்று சொல்கிறோமா? எனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். ஆங்கிலம் மட்டும் படித்தவர்கள்தான் இதைப் பார்த்துத் திகைத்தார்கள். ஆனால் இரண்டு மொழியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. பசி நமக்கு ‘எனக்கு’, அவர்களுக்கோ ‘க்’ வரிசை.

என் தொழிலுக்கு ஏற்ற உதாரணம் ஒன்று கிடைத்தது. வாங்குவது ‘ஹ்நீனுன்’. நான் வாங்குகிறேன் என்றால் ‘க்-ஹ்நீனுன்ஸ்’. ஏற்கெனவே வாங்கி முடித்திருக்கிறேன் என்றால் ‘வக்-ஹ்நீனுன்’. முடிந்துபோன காரியம் என்றவுடன் ‘நான்’ வரிசை மாறிவிடுகிறது. இங்கே வந்த புதிசில் இந்தி பேசும்போது கரீத்தா ஹூம் என்றால் ‘மைம்’, கரீதா என்றால் ‘மைனே’ என்று தடுமாறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதே தினுசுச் சேட்டைதான். விற்பதற்கு என்ன சொல் தெரியுமா? தனிச்சொல் கிடையாது. வாங்குவதன் முன்னே, செயல் தன் பக்கம் திரும்புவதைக் காட்டும் ஒட்டு ஒன்றைச் சேர்த்தால் விற்பது: ‘க்-அதன்-ஹ்நீனுன்ஸ்’. நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், வாங்குவதும் விற்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம் என்று கண்டவர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள்.

‘நாம்’ என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே நான்கு முன்னொட்டு. நீயும் நானும் இரண்டு பேர், ‘தெனி’. நானும் இன்னொருத்தரும், நீ இல்லை, ‘யகெனி’. நீயும் சேர்ந்த பல பேர், ‘தெவ’. நீ சேராத பல பேர், ‘யக்வ’. நம் நாம், நாங்கள் மாதிரிதான், கூட இருவர் பலர் என்ற கணக்கு. இதை என் கடையில் வேலை பார்க்கும் ஹோ இனத்துப் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, எங்களுக்கும் அப்படித்தான் சேட் என்று ஆலாங், ஆலிங், ஆபு, ஆலே என்று நாலையும் ஒப்பித்தான். யாரை அடித்தான் என்பதும் அவர்கள் வினைக்குள்ளேயே ஏறிக்கொள்ளுமாம். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதை ஒரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வெட்கமாகப் போயிற்று. தமிழிலும் வாங்கிக்கொள்கிறவர் யார் என்பது வினையைத் தீர்மானித்ததுண்டு. எனக்கும் உனக்கும் என்றால் ‘தா’, மூன்றாம் ஆளுக்கு என்றால் ‘கொடு’ என்று தொல்காப்பியம் வகுத்து வைத்தது. இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள்?

பெண்பாலில் ஒரு சிக்கல். மோஹாக்கில் பெண்ணைக் குறிக்க இரண்டு முன்னொட்டு. ‘யெ’ என்பது ஒன்று. ‘யாரோ ஒருவர்’ என்று பொதுவாகச் சொல்லவும் அதுவே வரும். ‘க’ என்பது மற்றொன்று. மிருகங்களுக்கும் பொருள்களுக்கும் வருவதும் அதுவே. செனகாவிலும் ஹூரோனிலும் இந்தப் பிரிவு இல்லை. ஒனைடாவில் எந்தப் பெண்ணுக்கு எது என்பது பேசுகிறவர் அவளை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். பெண்ணையும் அஃறிணையையும் ஒன்றாக வைத்தார்களே என்று நாகரிகம் பேசியவர்கள் உண்டு. தெலுங்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவள் வந்தாள் என்பதற்கும் அது வந்தது என்பதற்கும் அங்கே ஒரே ‘வச்சிந்தி’தானே? தாய் வழியில் குலம் எண்ணி, தலைவரை நியமிக்கவும் நீக்கவும் குலத்தின் மூத்த பெண்களுக்கு அதிகாரம் கொடுத்த சமூகம் அது. முன்னொட்டை வைத்துச் சமூகத்தை எடை போடுவது, பாத்திரத்தின் மேலே ஒட்டிய சீட்டை வைத்துப் பித்தளையை எடை போடுவது போல.

கதையைத் தொடர்கிறேன். ப்ரெபஃப் 1649 மார்ச்சில் இரோகுவாப் படையெடுப்பில் கொல்லப்பட்டார். ஹூரோன் நாடு சிதறியது. ஒரு பகுதியினர் கியூபெக் பக்கம் போனார்கள், ஒரு பகுதியினர் மேற்கே போய் வயண்டாட் என்று பெயர் பெற்றார்கள். பாதிரிமார் மோஹாக் பக்கம் திரும்பினார்கள். ழாக் ப்ருயாஸ் என்பவர் மோஹாக் வினைகளின் வேர்களை வரிசைப்படுத்தி, லத்தீனில் விளக்கம் எழுதி ஒரு நூல் செய்தார். வினையைத் தலையிலிருந்து தேடினால் எல்லாம் முன்னொட்டாகவே வரும், ஆகவே வேரிலிருந்து தேட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்த நூல் இருநூறு வருஷத்துக்கு அப்புறம் 1863-ல்தான் நியூயார்க்கில் அச்சேறியது.

அச்சாவதற்கு முந்தின வருஷம் இன்னொன்று நடந்தது. கிராண்ட் ஆற்றங்கரையில் 1841-ல் பிறந்த ஒரோன்யாதெகா என்ற மோஹாக் இளைஞர் 1862-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். பின்னால் மருத்துவராகிப் பெரிய காப்பீட்டுச் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவரிடம் உட்கார்ந்து மோஹாக் கற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? ரிக் வேதம் பதிப்பித்த மாக்ஸ் முல்லர். நம் நகரங்களில் பவன் பவனாகப் பெயர் நிற்கிறதே, அவரேதான். இப்படி ஒரு மொழியை உருவாக்கியவர்கள் வலுவாகச் சிந்திக்கவும் துல்லியமாக வகைப்படுத்தவும் தெரிந்தவர்கள் என்று அவர் ஹோரேஷியோ ஹேல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஹேல் அதை 1883-ல் தம் நூலில் வெளியிட்டார். பாராட்டு சரி. ஆனால் சொல்லிக் கொடுத்த மாணவருக்கு அந்தத் துறையில் ஒரு நாற்காலி கிடைத்ததா என்றால் இல்லை.

முன்னொட்டுகள் முழுவதையும் கட்டம் போட்டு விளக்கியவர் ஃப்ளாய்ட் லௌன்ஸ்பரி. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த இளைஞர். அமெரிக்காவில் பெரும் பொருளாதார முடக்கம் வந்து, வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுத்த காலம். மாரிஸ் ஸ்வாடெஷ் என்ற மொழியியலாளர், அங்கே குடியேறியிருந்த ஒனைடா மக்களையே சம்பளத்துக்கு அமர்த்தி அவர்கள் மொழியை அவர்களே எழுதும்படி ஒரு திட்டம் 1938-ல் தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பு சீக்கிரமே லௌன்ஸ்பரி கைக்கு வந்தது. விவசாயம் செய்தவர்களும் கூலி வேலைக்குப் போனவர்களும் நோட்டுப் புத்தகத்தில் கதை கதையாகத் தங்கள் மொழியில் எழுதிக் குவித்தார்கள். அந்தக் குவியலிலிருந்து கிளம்பியதுதான் 1953-ல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒனைடா வினை இலக்கணம். யார் என்பது ஒரு பக்கம், யாரை என்பது இன்னொரு பக்கம், நடுவிலே கட்டம் கட்டமாக முன்னொட்டுகள். இந்தக் குடும்பத்து மொழிகளைப் பற்றி அப்புறம் எழுதிய எல்லோரும் அந்தக் கட்டத்தில் காலை ஊன்றித்தான் நின்றார்கள். என் அபிப்பிராயம், அந்தப் புகழில் பாதி நோட்டுப் புத்தகக்காரர்களுடையது.

புத்தகம் வளர்ந்த அதே காலத்தில் வாய் மூடிக்கொண்டே வந்தது. நான் பார்த்த கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பழைய உறைவிடப் பள்ளிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1830-களிலிருந்து 1970 வரை பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார்கள். சொந்த மொழி பேசினால் தண்டனை. ‘அவர் எனக்குத் தகப்பன்’ என்று சொல்லும் மொழியை, தகப்பனிடமிருந்து பிரித்து வைத்து மறக்கடித்தார்கள். வீடு திரும்பிய பிள்ளைகள் பெரியவர்களான பிறகு தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடி வாங்கியது அவர்களுக்கு மறக்குமா? வெண்டாட் மொழி கியூபெக் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பேச்சில் இல்லாமல் போனது. பாதிரிமார் எழுதி வைத்த ஏடுகளை வைத்துக்கொண்டுதான் 2007-லிருந்து அதை மறுபடி படிக்கிறார்கள்.

மோஹாக் அந்த அளவுக்குப் போகவில்லை. மான்ட்ரியல் பக்கம் கானவாகேயிலும், நியூயார்க் எல்லையில் அக்வெஸாஸ்னேயிலும் 1970-களின் இறுதியில் மக்களே சொந்தப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். கிராண்ட் ஆற்றங்கரையில் ஓஸ்வெகன் என்ற ஊரில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு 1990-களின் இறுதியில் ஆரம்பித்தது. ஓவென்னதெகா என்ற பிரையன் மாரக்கிள் தொடங்கியது. மொழி தெரியாத இளைஞர்கள், இளம் தாய்மார்கள் இரண்டு வருஷம் முழு நேரமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். அங்கே வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில்லை. முதலில் முன்னொட்டு, பிறகு வேர். நானாகச் செய்யும் வரிசைக்குச் சிவப்பு நிறம், எனக்கு நேரும் வரிசைக்கு நீலம், இரண்டு ஆளும் சேர்ந்து வரும் வரிசைக்கு அந்த இரண்டு நிறமும் கலந்த ஊதா. ப்ரெபஃப் அனுமதி கேட்டுத் தவித்த இடத்தை இவர்கள் வர்ணம் பூசி வாசற்படியாக்கிவிட்டார்கள். வகுப்பின் பெயர் ‘உன்க்வவென்ன கென்ட்யோஹ்க்வா’, எங்கள் மொழிக் குழு. அந்தப் பெயரின் தொடக்கத்தில் நிற்கும் ‘உன்க்வ’ என்பதும் ஒரு முன்னொட்டுதான். எங்களுடைய.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது என் பேரன் வந்து, “தாத்தா, நாம எல்லாரும் கிரிக்கெட் ஆடப் போறோம், நீங்க வீட்லயே இருங்க” என்றான். ‘நாங்க’ என்று சொல்லுடா என்றேன். ஏன், ரெண்டும் ‘ஹம்’தானே என்றான். இந்தியில் ஒன்றாக இருப்பது அவனுக்குத் தமிழிலும் ஒன்றாகிவிட்டது. உட்கார வைத்துச் சொன்னேன். நாம என்றால் நானும் வருகிறேன் என்று அர்த்தம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்றேன். சிரித்துவிட்டு ஓடிப்போனான்.

கோயில் பலகைச் சொல்லில் ஒரு விஷயம் பாக்கி. ‘ஸுங்க்வ’, அவர் எங்களுக்கு. செய்கிறவர்களாக வரும்போது நாம், நாங்கள் என்று அத்தனை கறாராகப் பிரிக்கும் மோஹாக், பெறுகிறவர்களாக வரும்போது அந்தப் பிரிவை விட்டுவிடுகிறது. அவர் நமக்கா, எங்களுக்கா என்று அந்தச் சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழில் அதே ஜெபத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கடவுளைப் பார்த்துப் பேசும்போது ‘நம் பிதாவே’ என்றால் கடவுளுக்கும் அவரே பிதா என்றாகிவிடும். ஆகவே ‘எங்கள்’ என்று போட்டார்கள். மாப்பிள்ளையிடம் போனில் இதைச் சொன்னேன். அடுத்த தடவை வரும்போது ஓஸ்வெகனுக்கும் போய்வரலாம் மாமா என்றார்.